கோப்பு எங்கே நிற்கிறது? தொழில் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

செவிலியர், மின்பணியாளர், மருந்தாளுநர், முடிதிருத்துநர், கணக்குத் தணிக்கையாளர் என்று உரிமம் கையில் வந்தால்தான் வேலையைத் தொடங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஏராளம். அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு வாரம் சும்மா கிடந்தால், வெளியே ஒருவருக்கு அது சம்பளம் இல்லாத ஒரு வாரம். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

உரிமப் பணியை வேகப்படுத்தலாம் என்று பேச்செடுத்தாலே, "அப்படியானால் சோதனையைத் தளர்த்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. கோப்பைப் பார்க்க ஆகும் நேரத்தில் கை வைக்கவே வேண்டாம். அதை யாரும் பார்க்காமல் கிடக்கும் நேரத்தைக் குறைத்தாலே போதும். கீழே உள்ளவை எல்லாம் அந்த நேரத்தைத் தேடிப் பிடிக்கும் வழிகள்தான். உங்கள் அலுவலகத்தில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

எதற்கும் முன்னால்: 30 கோப்புகள்

போன மாதம் முடிந்த கோப்புகளில் 30ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் உள்ள தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: விண்ணப்பம் வந்த நாள், முதலில் ஒருவர் திறந்து பார்த்த நாள், ஒவ்வொரு முறை கை மாறிய நாள், கடிதம் போன நாள், பதில் வந்த நாள், உரிமம் அனுப்பிய நாள். பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையில் எத்தனை நிமிடம் வேலை நடந்திருக்கும் என்று அந்த வேலையைச் செய்தவரையே கேட்டு எழுதுங்கள்.

நான் இப்படி முதல்முறை செய்தபோது எடுத்த ஒரு கோப்பு 71 நாள் எடுத்திருந்தது. அதில் நடந்த மொத்த வேலை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மிச்ச நாளெல்லாம் அது ஏதோ ஒரு மேசையில் இருந்திருக்கிறது. அந்தத் தாளை ஊழியர்கள் முன்னால் வைத்தபோது யாரும் வாதாடவில்லை. எல்லோரும் தங்கள் மேசையைத்தான் பார்த்தார்கள். இந்த ஒரு நாள் வேலையைச் செய்யாமல் கீழே போகாதீர்கள்.

அறிகுறி: எல்லோரும் உழைக்கிறோம், நிலுவை மட்டும் குறையவில்லை

முதலில் ஒரு சின்ன வகுத்தல். நிலுவையில் 1,200 கோப்பு, நாளுக்கு 40 முடிகிறது என்றால், இன்று வரும் விண்ணப்பம் சராசரியாக 30 வேலை நாள் காத்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டிய விதி இது. வங்கி வரிசை, மருத்துவமனை, உரிம அலுவலகம் எதற்கும் பொருந்தும். "எங்கள் சராசரி 12 நாள்" என்று அறிக்கை சொல்லி, இந்தக் கணக்கு 30 என்று காட்டினால், தப்பு அறிக்கை நாளை எண்ணும் விதத்தில்தான். அதற்கு அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அப்புறம், தினமும் வருவதும் தினமும் முடிவதும் சமமா என்று பாருங்கள். சமம் என்றால், உங்களிடம் இருப்பது பழைய குவியல். எப்போதோ ஒரு முறை சேர்ந்தது, அன்றிலிருந்து அப்படியே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு நிரந்தர ஆள் தேவையில்லை. ஒரு சிறு குழுவை இரண்டு மூன்று மாதத்துக்குத் தனியாக உட்கார வைத்து அந்தக் குவியலை மட்டும் தீர்க்கலாம். வருவதே அதிகம் என்றால் மட்டுமே ஆள் பற்றாக்குறை என்று பேசலாம். பெரும்பாலான அலுவலகங்கள் இந்த இரண்டையும் பிரிக்காமலே கூடுதல் பணியிடம் கேட்டுக் கோப்பு போடுகின்றன.

மூன்றாவது காரணம், ஒரே மேசை. பத்துப் பேர் வேகமாகச் செய்ததெல்லாம் ஒரே அதிகாரியின் கையெழுத்துக்குப் போய் நிற்கும். அல்லது மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்குப் போகும். கூட்டம் முடிந்த மறுநாள் தயாரான கோப்பு ஒரு மாதம் எந்தக் காரணமும் இல்லாமல் கிடக்கும். இதற்குத் தீர்வு கையெழுத்து அதிகாரத்தைக் கீழே இறக்குவது. அங்கீகாரம் பெற்ற படிப்பு, தேர்வில் தேர்ச்சி, பாதகமான பதிவு எதுவும் இல்லை என்று மூன்றும் சரியாக இருந்தால் பிரிவு அலுவலரே வழங்கட்டும். பட்டியலைக் குழு அடுத்த கூட்டத்தில் பார்த்து உறுதி செய்யலாம். குழுவின் அறிவு சிக்கலான கோப்புகளுக்குத்தான் தேவை. எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் வைத்தால் சிக்கலானதற்கும் எளியதற்கும் ஒரே மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

இன்னொன்று. ஊழியர்களின் நேரம் முழுக்க நிரம்பியிருப்பதைத் திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எளிய வரிசைக் கணக்குப்படி, ஒருவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், அவரிடம் வரும் கோப்பு, அதைப் பார்க்க ஆகும் நேரத்தைப் போல் சராசரியாக 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்த மேசையில்தான் வரிசை ஓடும்.

அறிகுறி: அறிக்கையில் 12 நாள், விண்ணப்பித்தவர் சொல்வது மூன்று மாதம்

இரண்டு பேருமே உண்மை சொல்கிறார்கள். குறைபாட்டுக் கடிதம் போனதும் அலுவலகம் கடிகாரத்தை நிறுத்துகிறது. பதில் வந்ததும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. மூன்று முறை கடிதம் போனால், கடைசிச் சுற்று மட்டுமே அறிக்கையில் ஏறும். விண்ணப்பித்தவரோ முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்.

இரண்டு கடிகாரம் வையுங்கள். ஒன்று, கோப்பு நம்மிடம் இருந்த நாள்கள். இன்னொன்று, முதல் நாளிலிருந்து உரிமம் கையில் கிடைக்கும் வரை. இதை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. சராசரியை மட்டும் சொல்லாமல், பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் கிடைத்தது என்று சொல்லுங்கள். முடிந்த கோப்புகளை மட்டும் எண்ணினால் மாட்டிக்கொண்டவை கணக்கிலேயே வராது. ஆகவே நிலுவையில் உள்ள மிகப் பழைய 20 கோப்புகளின் வயதையும் வாரந்தோறும் தலைமை அதிகாரி பார்க்க வேண்டும்.

அறிகுறி: பாதிக்கு மேல் விண்ணப்பங்கள் குறைபாட்டோடு திரும்பிப் போகின்றன

"மக்கள் படித்துப் பார்ப்பதே இல்லை" என்பதுதான் இதற்கு அலுவலகத்தில் வழக்கமான விளக்கம். ஒருவர் தவறாக நிரப்பினால் அது அவர் தவறு. நூறு பேர் ஒரே கட்டத்தைத் தவறாக நிரப்பினால் அது படிவத்தின் தவறு.

கடைசி 100 குறைபாட்டுக் கடிதங்களை எடுத்துக் காரணவாரியாகப் பிரியுங்கள். நான்கைந்து காரணங்களே பெரும்பகுதியை விழுங்கியிருப்பதைக் காண்பீர்கள். எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தவை இவை: பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பது, பயிற்சி மணி நேரத்தை எந்த அலகில் எழுதுவது என்று தெரியாதது, மேற்பார்வையாளர் கையெழுத்து வேறு பக்கத்தில் இருப்பது, கட்டணம் திருத்தப்பட்டும் பழைய தொகை அச்சில் நிற்பது.

ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. பெயர் மாற்றத்துக்குப் படிவத்திலேயே ஒரு கட்டம் வைத்து, எந்த ஆவணம் போதும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். மணி நேரத்துக்கு ஒரு நிரப்பிய மாதிரியைக் காட்டுங்கள். இணையவழி விண்ணப்பம் என்றால், கையெழுத்துப் பக்கம் இல்லாமல் அடுத்த திரைக்குப் போகவே விடக் கூடாது. சமர்ப்பித்து 40 நாள் கழித்து "பக்கம் 6 இல்லை" என்று கடிதம் அனுப்புவதை விட, சமர்ப்பிக்கும் அந்த நிமிடத்தில் சொல்வது எத்தனை மரியாதை.

அதன் பிறகும் குறை வரும். அப்போது பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுதான்: எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் சொல்லுங்கள். இது எளிதாகத் தோன்றும். நடைமுறையில் மிகவும் மீறப்படுவது இதுதான். முதல் குறையைக் கண்டதும் சரிபார்ப்பவர் அங்கேயே நிறுத்திக் கடிதம் போட்டுவிடுகிறார். பதில் வந்ததும் இரண்டாம் குறையைக் கண்டுபிடிக்கிறார். விண்ணப்பித்தவருக்கு அது அலைக்கழிப்பாகப் படுகிறது. அந்த ஊழியரிடம் உள்நோக்கம் இருந்திருக்காது. குறை கண்ட கணத்தில் அவருடைய எண்ணிக்கையில் ஒரு கோப்பு தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே, திருப்பி அனுப்பியதை முடித்த வேலையாக எண்ணும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுத் தொழில்தகுதி அங்கீகார விதியில் இதற்கொரு நல்ல எல்லைக்கோடு உண்டு: விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, எது குறைகிறது என்றும் சொல்லிவிட வேண்டும், கோப்பு முழுமையான பிறகு, பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவு. ஒரு மாதம் என்பதே என் பார்வையில் தாராளம். ஒரு வாரத்தில் முடியும்.

கடிதத்தின் மொழியையும் பாருங்கள். "விதி 14, உட்பிரிவு 3இன்கீழ் தேவைப்படும் இணைப்பு பெறப்படவில்லை" என்று எழுதினால் அவர் தொலைபேசியில் அழைக்காமல் என்ன செய்வார்? "உங்கள் பயிற்சி முடித்த சான்றிதழின் இரண்டாம் பக்கம் எங்களுக்கு வரவில்லை. அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும்" என்று எழுதுங்கள்.

அறிகுறி: நம்மிடம் எல்லாம் முடிந்தது, வெளியிலிருந்து சரிபார்ப்பு வரவில்லை

கல்லூரி, தேர்வு நடத்தும் அமைப்பு, குற்றப் பின்னணி பார்க்கும் துறை, முன்பு உரிமம் கொடுத்த இடம் என்று நான்கு வெளிக்கதவுகள். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகிறோமா, ஒரே நாளில் தட்டுகிறோமா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் 20 நாள் என்றால், வரிசையாகக் கேட்டால் 80 நாள், சேர்த்துக் கேட்டால் 20. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், செலவும் இல்லை.

அடுத்து, ஆவணத்தை விண்ணப்பித்தவர் வழியாக வாங்காமல் மூல நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்குங்கள். போலிச் சான்றிதழுக்கும் அதுதான் தடுப்பு. தேர்வு அமைப்பு வாரம் ஒருமுறை தேர்ச்சிப் பட்டியலை அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதும் வேலையே போய்விடும்.

அறிகுறி: வேறு இடத்தில் ஏற்கெனவே உரிமம் உள்ளவர்தான் அதிக நாள் காத்திருக்கிறார்

பத்து வருடம் வேலை பார்த்த செவிலியர், நேற்றுப் படித்து முடித்தவரை விட அதிக ஆவணம் கொடுக்க வேண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 15 வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டத்தைக் கல்லூரியிடம் வாங்கி வரச் சொல்வார்கள். கல்லூரியே மூடியிருக்கும். திறமையான ஒருவரை இப்படி நிறுத்தி வைப்பதில் மக்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

இதற்குக் கேள்வியையே மாற்ற வேண்டும். "அவர் படித்தது நம் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதா?" என்பதை விட்டு, "அங்கே இதே வேலையைச் செய்ய அவருக்கு அனுமதி இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டுப் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் இந்த வழியில் போனது. ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் மற்றொன்றில் அதற்கு இணையான தொழிலுக்குப் பதிவு கேட்டால் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அல்லது தள்ளிவைக்கவோ மறுக்கவோ உள்ள காரணத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2019இல், வேறு மாநிலத்தில் குறைந்தது ஒரு வருடம் உரிமம் வைத்திருந்து, நல்ல நிலையில் உள்ளவர்கள் அங்கே குடியேறினால் அங்கீகரிக்கும் வழியைப் பெரும்பாலான தொழில்களுக்கும் திறந்தது. ஐரோப்பாவில் 2016 முதல் செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், மலையேற்ற வழிகாட்டி, வீட்டுமனை முகவர் ஆகிய ஐந்து தொழில்களுக்கு, ஒரு நாட்டுத் தகுதியை இன்னொரு நாட்டில் அங்கீகரிக்கும் இணையவழித் தொழில் அட்டை நடைமுறையில் இருக்கிறது.

உங்கள் சட்டம் இவ்வளவு தூரம் விடவில்லை என்றாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பு ஏற்றுக்கொண்ட கல்லூரி, படிப்பு, வெளி உரிமம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். அதே கல்லூரியிலிருந்து அடுத்தவர் வரும்போது முதலிலிருந்து ஆராய வேண்டாம். இந்தப் பதிவேடு இல்லாத அலுவலகத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு ஊழியர்கள் இரண்டு பதில் தருவார்கள். நீதிமன்றத்தில் அதற்கு விளக்கம் சொல்வது மிகவும் கடினம்.

அறிகுறி: தொலைபேசி ஓயவே இல்லை

ஒரு வாரம் அழைப்புகளின் காரணத்தைக் குறியுங்கள். "என் விண்ணப்பம் எங்கே இருக்கிறது?" என்பதே முதலிடத்தில் இருக்கும். நிலையைத் தாங்களே பார்க்க ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒரு குறுஞ்செய்தி. ஆனால் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் காட்டினால் அழைப்பு குறையாது. யாரிடம் இருக்கிறது, அடுத்து என்ன, எப்போதுக்குள் என்று மூன்றையும் காட்ட வேண்டும்.

அறிகுறி: வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் அலுவலகம் மூழ்குகிறது

எல்லா உரிமமும் ஒரே நாளில் காலாவதியாகிறது. பிறந்த மாதத்தின்படி பிரித்துப் புதுப்பியுங்கள். மாறும் வருடத்தில் மட்டும் சிலருக்கு 7 மாதம், சிலருக்கு 18 மாதம் என்று வரும். கட்டணத்தை அந்த விகிதத்தில் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவ்வளவுதான்.

அறிகுறி: புதிய மென்பொருள் வந்தது, வேலை இன்னும் மெதுவானது

ஒரு விண்ணப்பம் உள்ளே வந்து வெளியே போகும் வரை பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கேயாவது ஒருவர் திரையில் உள்ளதை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறாரா? அந்த இடத்தில் பழைய நடைமுறை அப்படியே மென்பொருளுக்குள் குடியேறியிருக்கிறது. தாளில் இருந்த ஏழு கையெழுத்தை ஏழு பொத்தானாக்கினால் ஏழு காத்திருப்பும் கூடவே வரும். முதலில் கையெழுத்தைக் குறையுங்கள், அப்புறம் மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரருக்கு மாற்றக் கோரிக்கை எழுதும்போது அந்தக் கவுன்ட்டரில் தினமும் உட்காருபவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: படித்து முடித்துப் பணமும் கட்டிய பிறகு, பழைய வழக்கைக் காட்டி மறுப்பு

இது எண்ணிக்கையில் சிறியது, வலியில் பெரியது. "நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும்" என்ற ஒரு வரியை வைத்து, 12 வருடத்துக்கு முன் நடந்த, தொழிலோடு சம்பந்தமே இல்லாத தண்டனைக்காக ஒருவரை நிறுத்துகிறோம். எந்தக் குற்றங்கள் எந்தத் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையவை என்று எழுதி வெளியிடுங்கள். முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு மோசடித் தண்டனை முக்கியம். வேறு வேலைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. எத்தனை வருடம் ஆனது, அதன் பின் எப்படி நடந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், முன்கூட்டியே கேட்கும் வசதி. பயிற்சியில் சேரும் முன்பே "என் பழைய வழக்கு தடையாகுமா?" என்று ஒருவர் கேட்டால், எழுத்தில் பதில் தர வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. இரண்டு வருடப் படிப்பையும் சேமிப்பையும் தொலைத்த பிறகு வரும் மறுப்பை இந்த ஒரு கடிதம் தடுத்துவிடும்.

அறிகுறி: உரிமம் வேகமாகக் கிடைக்கிறது, ஆனால் உரிமம் பெற்றவர் மீதான புகார் வருடக்கணக்கில் கிடக்கிறது

இதை நான் எல்லாவற்றையும் விட ஆபத்தானதாகப் பார்க்கிறேன். உரிமம் என்ற ஏற்பாடே மக்களைக் காப்பதற்காக வந்தது. வாசலில் 20 ஆவணம் கேட்டுவிட்டு, உள்ளே வந்தவர் ஒரு நோயாளியைக் காயப்படுத்தியதாகப் புகார் வந்தால் இரண்டு வருடம் தூங்கினால் எப்படி?

புகார் வந்த இரண்டு நாளுக்குள் பிரியுங்கள். உயிருக்கு ஆபத்து, தொடர்ந்து நடக்கக்கூடியது என்றால் அன்றே ஆய்வாளரிடம். தற்காலிக நிறுத்தம் தேவையா என்று அந்த வாரமே முடிவு. கட்டணத் தகராறு, மரியாதைக் குறைவு போன்றவை வேறு வழியில், சமரசமாகப் போகலாம். வந்த வரிசையில் எல்லாவற்றையும் பார்ப்பது நியாயமாகத் தோன்றும்; புகாரில் மட்டும் அது நியாயமில்லை. புகார் கொடுத்தவருக்கும் மாதம் ஒருமுறை நிலை தெரிய வேண்டும்.

கூடவே, யார் முடிவெடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். குழுவில் பெரும்பாலானோர் அதே தொழில் செய்பவர்கள் என்றால், போட்டியாளரை வெளியே நிறுத்தும் ஆசையும் உள்ளே வரும். அமெரிக்காவின் வட கரோலினா பல் மருத்துவ வாரியத்தின் வழக்கு இதற்குச் சான்று. பல் மருத்துவர் அல்லாதவர்கள் பல் வெளுப்புச் சேவை தருவதை நிறுத்தச் சொல்லி வாரியம் கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தின் 8 உறுப்பினர்களில் 6 பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். அதே சந்தையில் தொழில் செய்பவர்கள் பெரும்பான்மையாக உள்ள வாரியத்தை அரசு முனைப்போடு கண்காணிக்காவிட்டால், போட்டிச் சட்டத்திலிருந்து அதற்குப் பாதுகாப்பு கிடையாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபுணர்களின் சொல் குழுவில் வேண்டும்தான். தொழில் எல்லையை வரையும் முடிவுகளில் மட்டும் பொது உறுப்பினர்களும் அரசின் மேற்பார்வையும் கட்டாயம் இருக்கட்டும்.

அறிகுறி: கெடு தாண்டினால் தானாகவே அனுமதி என்று விதி வந்தது, மறுப்புகள் கூடிவிட்டன

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சேவை விதி, குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. பொதுநலக் காரணம் இருந்தால் விலக்கும் தருகிறது. அபாயம் குறைந்த தொழில்களுக்கு இது நல்ல அழுத்தம். அறுவை மருத்துவருக்கும் மயக்க மருந்து தருபவருக்கும் இதைப் பொருத்தக் கூடாது. மேலே சொன்ன மாதிரி மறுப்பு கூடினால், ஊழியர்கள் கெடுவின் கடைசி நாளில் பயந்து மறுப்பு எழுதுகிறார்கள் என்று பொருள். கெடுவின் கடைசி மூன்று நாளில் எழுதிய மறுப்புகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அவற்றைச் சரிசெய்ய, கெடுவின் பாதி நாள் ஆனதுமே கோப்பு மேலதிகாரியின் பட்டியலில் தானாக ஏற வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி செய்தும் மக்கள் உள்ளே வர முடியவில்லை

அப்போது பிழை அலுவலகத்தில் இல்லை, தேவைகளின் பட்டியலில் இருக்கிறது. 2015இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கத் தொழிலாளர்களில் கால்வாசிக்கும் மேலானோருக்கு உரிமம் தேவைப்படுகிறது என்றும், மாநில உரிமம் உள்ளோரின் விகிதம் 1950களிலிருந்து ஐந்து மடங்கானது என்றும் சொன்னது. தேவைகள் சேரும், தாமாகக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல், புதிய தொழில் கட்டுப்பாடு எதையும் கொண்டுவரும் முன் அது தேவைக்கு ஏற்ற அளவில்தான் உள்ளதா என்று சோதிக்க வேண்டும் என்று தனி விதியே போட்டது.

உரிம அலுவலகம் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் சட்டம் இயற்றுபவர்களிடம் இல்லாத தகவல் அதனிடம் இருக்கிறது. படிவத்தில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எதிரே மூன்று கேள்வி எழுதுங்கள். இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன தீங்கு? கடந்த ஐந்து வருடத்தில் இந்த ஒரு காரணத்துக்காக யாரையாவது மறுத்திருக்கிறோமா? இதே தீங்கை, உரிமத்துக்குப் பதில் ஒரு பதிவோ, காப்பீடோ, ஆய்வோ தடுக்குமா? ஒரு முறை இப்படிச் செய்தபோது, யாருமே எக்காலத்திலும் திறந்து பார்க்காத ஒரு இணைப்பு ஆவணத்தைக் கண்டோம். அதை வாங்க ஒவ்வொருவரும் ஒரு நாள் வேலையை விட்டிருந்தார்கள். அதை நீக்க அலுவலக ஆணையே போதுமாக இருந்தது. அந்த வாரமே நீக்கினோம். சட்டத் திருத்தம் தேவைப்பட்ட மற்றவற்றைக் காரணத்தோடு பட்டியலிட்டுச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினோம். நீங்களும் அந்த இரண்டு பட்டியலையும் தனித்தனியாக வையுங்கள்; முதல் பட்டியலுக்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம்.